ஊட்டுல ஆருங்க?

ஆகஸ்ட் 4, 2025, திங்கள்

ஆறு குளியலறைக்கும் இன்று கதவு மாட்டியாகிவிட்டது. ஒவ்வொன்றிலும் உள்பக்கம் தாழ்ப்பாள். நானே உள்ளே போய்த் தாழ் போட்டு, திறந்து, மறுபடி போட்டுப் பார்த்தேன். வெளியே நின்ற, என்னோடு வேலை பார்க்கிற கிருபா, "ஏனுங் மேனேஜர், குளிச்சுட்டுத்தான் வருவீங்களாட்டம்?" என்று சிரித்தாள். சிரிக்கட்டும். ஆறு மாதமாக இந்தக் கட்டடத்தோடு மல்லுக்கட்டியவள் நான்தானே!

போன வருஷம் இது அக்பர் அலி பாயின் பழைய மரக்கடைக் கிடங்கு. கடையை மூடியதும் எங்கள் டிரஸ்டுக்குக் கொடுத்துவிட்டார். உக்கடம் மேம்பாலத்துக்கு அடியில், பஸ் ஸ்டாண்டைச் சுற்றி, வீடில்லாமல் இருக்கிற குடும்பங்கள் வந்து குளிக்கலாம், துணி துவைக்கலாம், சமைக்கலாம், பிள்ளைகள் படிக்கலாம், மழை வந்தால் படுத்துக்கொள்ளலாம். பெயர்ப் பலகையும் வந்துவிட்டது. நம்ம கூடம்.

எனக்கு ரொம்பப் பிடித்தது இரும்பு அலமாரிதான். முப்பத்தாறு அறை. குடும்பத்துக்கு ஒன்று, அவரவர் சாவி அவரவரிடம். மூட்டையைக் காவல் காக்க ஒருத்தர் தினமும் வேலைக்குப் போகாமல் உட்கார்ந்திருக்கிறாரே, அது இனி வேண்டாம். சுவரில் ஒரு பலகை அடித்து முப்பத்தாறு சாவியையும் தொங்கவிட்டேன். காற்றடித்தால் கிணுகிணு என்கிறது. இந்தப் பலகை காலியாக வேண்டும். அதுதான் என் ஆசை.

சாயங்காலம் அப்பா தொண்டாமுத்தூரிலிருந்து போன் செய்தார். பயங்கரக் கோபம். பொள்ளாச்சிப் பெரியப்பா தன் மகன் கல்யாணப் பத்திரிகையை நம் வீட்டு கேட்டில் செருகிவிட்டுப் போய்விட்டாராம். "சொருகிப்போட்டுப் போயிருக்கறான் அம்மணி! கரண்ட் பில்லா அது? வந்து ஒரு வார்த்தை கூப்புடறதுக்கு வாயி வலிக்குதா? அந்தக் கண்ணாலத்துக்கு நான் போக மாட்டேன்." நானும் போவதாக இல்லை என்றேன். பின்னே?

அப்புறம் வழக்கமானது. ஆடியில் ஏன் கதவு மாட்டினாய். மில்லில் நான் விட்டு வந்த எச்.ஆர். வேலை எவ்வளவு நல்ல வேலை. "ஆறு மாசம் பாரு கண்ணு. ஆகலைன்னா ஊட்டுக்கு வந்துரு." ஆகுமுங்கப்பா. பாத்துட்டே இருங்க.

ஆகஸ்ட் 9, சனி

சுடுதண்ணி வந்துவிட்டது! ஆறு குழாயிலும்!

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஆவணி பிறந்துவிட்டது, அப்பாவுக்கு நிம்மதி. நானும் கிருபாவும் மேம்பாலத்துக்கு அடியில் ஆரம்பித்து, குளக்கரை, மீன் மார்க்கெட், பஸ் ஸ்டாண்ட் என்று இரண்டாயிரம் நோட்டீஸ் கொடுத்தோம். வாசகம் என்னுடையது. மேலே பெரிய எழுத்தில், "வீடற்றோரே! ஏழை எளியோரே! வாருங்கள்!" மூன்று ஆச்சரியக்குறி. கிருபா ஒன்றைக் குறைக்கலாமா என்றாள். ஒன்றையும் குறைக்க மாட்டேன் என்றேன்.

எல்லாரும் வாங்கிக்கொண்டார்கள். ஒருத்தர்கூட மறுக்கவில்லை. எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

ஆகஸ்ட் 20, புதன்

திறப்பு விழா. பெரியவர்கள் வந்தார்கள், ரிப்பன் வெட்டினார்கள், பேசினார்கள், சால்வை, போட்டோ, கேசரி, போனார்கள். அக்பர் பாய் மட்டும் கடைசிவரை இருந்தார். எழுபத்து நாலு வயது. மூக்குக்கண்ணாடியை எங்கோ வைத்துவிட்டுத் தேடினார். தலையில் இருந்தது.

நாளையிலிருந்து கூட்டம் தாங்காது. டோக்கன் முறை வேண்டும் என்று கிருபாவிடம் சொல்லியிருக்கிறேன்.

ஆகஸ்ட் 21, வியாழன்

ஒருத்தரும் வரவில்லை.

ஆகஸ்ட் 23, சனி

இன்று இரண்டு குழந்தைகள் வந்து தண்ணீர் குடித்துவிட்டு ஓடிப்போனார்கள். அவ்வளவுதான். டோக்கன் புத்தகம் என்னைப் பார்த்துப் பல்லிளிக்கிறது.

மத்தியானம் அக்பர் பாயின் மகன் அர்ஷத் வந்தார். இதுவரை வந்ததே இல்லை. யாரும் இல்லாத கூடத்தில் மெதுவாக நடந்தார். சாவிப் பலகை முன்னால் நின்றார். "எத்தனை சாவிங்க?" "முப்பத்தாறுங்க." "எத்தனை போயிருக்குது?" நான் பலகையைக் காட்டினேன். அதுதான் கண்ணுக்கு முன்னால் தொங்குகிறதே.

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். "டைல்ஸ் கடைக்காரர் ஒருத்தரு எடம் கேட்டுட்டே இருக்கறாருங்க. சும்மா பூட்டி வெக்கறதுக்கு எங்க அத்தா இதைக் குடுக்கலை. செப்டம்பர் முப்பது வரைக்கும் பாக்கறேன். முப்பது சாவி போயிருந்தா நான் ஒண்ணும் பேச மாட்டேன். இல்லீனா எழுதிக் குடுத்ததைத் திருப்பி வாங்கச் சொல்லி அத்தாகிட்டப் பேசுவேன்." கூட வந்திருந்த அவர் அத்தா அக்பர் பாயைப் பார்த்தேன். பாய் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

முப்பது குடும்பம். ஐந்து வாரம். இப்போது பூஜ்யம். லோகப்பிரியா, நல்லா மாட்டுனியா!

ஏன் வரவில்லை? சுடுதண்ணி இருக்கிறது. சோப்பு இருக்கிறது. ஏன்?

ஆகஸ்ட் 26, செவ்வாய்

இன்று வாங்கிக்கட்டிக்கொண்டேன். அப்படியே எழுதிவைக்கிறேன், மறக்கக் கூடாது.

காலையில் நானே மேம்பாலத்துக்கு அடியில் போனேன். சென்னியம்மாள் என்று ஒரு அக்கா. முப்பத்தைந்து வயதிருக்கும். புருஷனோடும் தங்கை கயல்விழியோடும் ஐந்தாவது தூணை ஒட்டி இருக்கிறார். மார்க்கெட்டுக்குச் சின்ன வெங்காயம் உரித்துக் கொடுக்கிற வேலை. உரித்த தோலை எங்கள் நோட்டீசில்தான் குவித்து வைத்திருந்தார். என் மூன்று ஆச்சரியக்குறியும் வெங்காயத் தோலுக்குள் தெரிந்தன.

"ஏனுங்க்கா, நீங்க யாருமே வரலைங்களே?" என்றேன். கொஞ்சம் குறையாகவேதான் கேட்டேன்.

அவர் கை நிற்கவில்லை. "இந்தச் சீட்டு நீங்க எழுதுனதுங்களா அம்மணி?"

"ஆமாங்க்கா."

"உங்க ஊட்டுக் கண்ணாலத்துக்கும் இப்படித்தான் ரோட்டுல வர்றவங்க போறவங்க கையில திணிச்சுப்போட்டுப் போவீங்களா?"

எனக்குக் காது சூடாகிவிட்டது.

"வண்டியில சோத்துப் பொட்டலம் வரும். வாங்கிக்குவோம். அது ரோட்டுல வாரது, ரோட்டுல வாங்கறோம். நீங்க ஊடுங்கறீங்க, நம்மளுதுங்கறீங்க. ஊட்டுக்குக் கூப்புடாம எப்படிங் வாரது? அன்னைக்கு மேளமும் காருமா அமர்க்களப்பட்டுது. நாங்க இங்கிருந்து பாத்துட்டுத்தானுங்க இருந்தோம். ஒருத்தரு வந்து ஒரு வார்த்தை? அதுல வேற ஏழை எளியோரேன்னு... படிக்கத் தெரியாதுன்னு நெனச்சுட்டீங்களாட்டம். கயலு ப்ளஸ் டூங்க. சத்தமாப் படிச்சா. அத்தனை பேரும் கேட்டோம்."

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கத்தியால் வெங்காயத்தின் வாலை நறுக்குகிற மாதிரி ஒவ்வொன்றாக நறுக்கினார். நான் சரிங்க்கா, சரிங்க்கா என்று சொல்லிக்கொண்டே எழுந்து வந்துவிட்டேன்.

கரண்ட் பில்! பொள்ளாச்சிப் பெரியப்பா கேட்டில் செருகினதுக்கு அந்தக் குதி குதித்தேனே. நான் செய்தது என்ன? இரண்டாயிரம் கரண்ட் பில். தலைப்பில் திட்டி வேறு வைத்திருக்கிறேன். அட சனியனே, உனக்கு எதுக்குடி மேனேஜர் வேலை!

திறந்து ஆறு நாள் ஆகிறது, அடுப்பில் பால்கூடக் காய்ச்சவில்லை. கேசரி வெளியே வாங்கினது.

ஆகஸ்ட் 27, புதன்

விநாயகர் சதுர்த்தி. வீட்டுக்கு வந்தேன். யானை வந்து பன்னிரண்டு தென்னங்கன்றைப் பிடுங்கிப் போட்டிருக்கிறது. அப்பாவுக்கு அந்த வருத்தம். கொழுக்கட்டை சாப்பிடும்போது எல்லாவற்றையும் சொன்னேன். நோட்டீஸ், வெங்காயம், சாவி, செப்டம்பர் முப்பது. அழுதும் விட்டேன். அம்மா முந்தானையால் துடைத்துவிட்டாள்.

அப்பா என்ன சொல்வார் என்று தெரியும். வந்துரு கண்ணு, மில்லுல மறுபடி கேட்டுப் பாக்கலாம். அதற்காகக் காத்திருந்தேன். அவர் கையைக் கழுவிவிட்டுக் காலண்டர் முன்னால் போய் நின்றார்.

"ஏழாந்தேதி கிரகணம். வேண்டாம். அப்புறம் தேய்பிறை, அது முடியறப்ப புரட்டாசி பொறந்துரும். நாலாந்தேதி வியாழக்கெழம, வளர்பிறை. அன்னைக்குக் காத்தால பால் காய்ச்சிரு."

"யாருப்பா வருவாங்க?"

"கூப்புட்டா வருவாங்க. எத்தனை குடும்பம்?"

"பாலத்துக்கு அடியில மட்டும் இருபத்தி ரெண்டு இருக்குமுங்கப்பா."

"ஞாயித்துக்கெழம நானும் உங்கம்மாளும் வாரோம். கண்ணாலமாகாத புள்ள ஒத்தையாப் போயி அழைச்சா மருவாதியா இருக்குமா?" என்று சொல்லிவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விட்டார். அம்மாவும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். இவரா?

ஆகஸ்ட் 31, ஞாயிறு

இந்த நாளை எங்கிருந்து எழுதுவது! கை ஓடவில்லை.

காலை ஏழரைக்கு மொபெட்டில் இரண்டு பேரும் வந்து இறங்கினார்கள். அப்பா கல்யாணத்துக்குக் கட்டுகிற வேட்டி. அம்மா அரக்குப் பட்டு. துண்டில் சுற்றிய பித்தளைத் தட்டம். சந்தனம், குங்குமம், கல்கண்டு, வெற்றிலை பாக்கு, எங்கள் தோட்டத்துத் தேங்காய் ஒன்று.

பாலத்துக்கு அடியில் போனோம். நானும் கிருபாவும் பின்னால். முதலில் ஐந்தாவது தூண். அங்கே போனதும் அப்பா நின்றுவிட்டார். எனக்குப் பக்கென்றது. பிடிக்கவில்லையோ, திரும்பிவிடுவாரோ. அவர் குனிந்து எதையோ தேடுகிற மாதிரி இருந்தது. அப்புறம்தான் புரிந்தது. வாசல் எது என்று பார்த்துக்கொண்டிருந்தார். தரையில் ஒரு பழைய ஃபிளெக்ஸ் பேனர் விரித்திருந்தது. அதன் ஓரத்துக்கு நேராகச் செருப்பைக் கழற்றி விட்டார். அம்மாவும் கழற்றினாள். அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, நான்கு வீடு கேட்கிற குரலில் கூப்பிட்டார்.

"ஏனுங்க, ஊட்டுல ஆருங்க?"

சென்னியம்மாள் அக்கா வெங்காயக் கூடையை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். கயல் ஓடிப்போய் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தாள். அக்காவின் வீட்டுக்காரர் சட்டையைத் தேடினார், ஒரு கை மாட்டினபடியே வந்து நின்றார்.

"வாங்கொ, வாங்கொ. உள்ள வாங்கொ."

உள்ள வாங்கொ! எது உள்ளே? ஆனால் அப்பா உள்ளேதான் போனார். காலைப் பார்த்து வைத்து அந்தப் பேனரில் ஏறினார். உட்கார்ந்தார். என் அப்பா, தொண்டாமுத்தூர் சென்னிமலைக் கவுண்டர், மேம்பாலத்துக்கு அடியில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறார், நான் பார்க்கிறேன். அக்கா சொம்பில் தண்ணீர் கொடுத்தார். அம்மா அக்காவுக்கும் கயலுக்கும் குங்குமம் வைத்தாள். இரண்டு பேருமாகத் தட்டத்தை நீட்டினார்கள்.

"வார வியாழக்கெழம காத்தால நம்ம கூடத்துல பால் காய்ச்சறோமுங்க. என்ற பொண்ணு மொதல்லயே வந்து சொல்லியிருக்கோணும். சின்னப்புள்ள, தெரியாமப் பண்ணிப்போட்டுது. மனசுல வெச்சுக்காதீங்க. குடும்பத்தோட வந்து நடத்திக் குடுக்கோணும்."

அக்கா இரண்டு கையாலும் தட்டத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றித் திருப்பிக் கொடுத்தார். என்னைப் பார்த்தார். நான் கும்பிட்டேன். இருபத்தொன்பது வயதில் சின்னப்புள்ள என்று சொல்லிவிட்டார், பரவாயில்லை.

அதற்குள் பாலம் முழுக்கச் செய்தி போய்விட்டது. அடுத்த தூணில் ஒரு அம்மாள் அவசரமாகப் பெருக்கிக்கொண்டிருந்தார். எங்கே போனாலும் முதலில் தண்ணீர், பாதி இடங்களுக்கு மேல் டீயும். கடையிலிருந்து தூக்குப்போசியில் வாங்கி வந்து நிற்கிறார்கள், மறுக்க முடியுமா? அப்பா பதினாலு டீ குடித்தார். நான் எண்ணினேன். இருபத்திரண்டு இடத்திலும் செருப்பைக் கழற்றினார். இருபத்திரண்டு இடத்திலும் ஊட்டுல ஆருங்க.

முடித்துவிட்டு என்னைக் கேட்டார். "அந்த அர்ஷத் தம்பியைத் தெறப்பு விழாவுக்கு ஆரு கூப்புட்டது?"

வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தேன். சொல்லவே வெட்கமாக இருந்தது.

செப்டம்பர் 1, திங்கள்

கோட்டைமேடு போனோம், அர்ஷத் வீட்டுக்கு. அவர் மனைவி யாஸ்மின் கதவைத் திறந்தார். எங்கள் தட்டத்தைப் பார்த்ததும் உள்ளே குரல் கொடுத்துவிட்டு ஓடிப்போய் சர்பத் கொண்டு வந்தார். அப்பா தேங்காய், கல்கண்டு வைத்து அழைத்தார். அர்ஷத் தட்டத்தை வாங்கி யாஸ்மினிடம் கொடுத்துவிட்டுச் சொன்னார்.

"அந்தக் கடையிலதானுங்க நான் தூளிகட்டித் தூங்குனது. அத்தா குடுத்தது தப்பில்லைங்க. எனக்கு ஒரு வார்த்தை சொல்லலை. நீங்களும் சொல்லலை. பேப்பர் பாத்துத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்." அப்புறம் என்னைப் பார்த்து, "செப்டம்பர் முப்பது முப்பதுதாங்க. அதுல மாத்தமில்லை" என்றார். ஆனால் வாசல்வரை வந்து வழியனுப்பினார்.

செப்டம்பர் 4, வியாழன்

வந்தார்கள்!

ஆறு மணிக்கு நான் தெருவையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன். யாரும் இல்லை. ஆறே கால். இல்லை. கிருபா என் கையைக் கிள்ளினாள். தெருமுனையில் சென்னியம்மாள் அக்கா, பின்னால் வரிசையாகக் குடும்பம் குடும்பமாக. எல்லார் தலையிலும் எண்ணெய், பிள்ளைகள் முகத்தில் பவுடர். கயல் தலையில் ஒரு தட்டம். அய்யோ, சீர்! சீர் கொண்டு வந்திருக்கிறார்கள்!

எனக்கு இது தோன்றவே இல்லை. அழைத்தால் ஒறம்பரை சொந்தபந்தம் வெறுங்கையோடு வருவார்களா? உப்பு, மஞ்சள், புதுக் குடம், உரித்த சின்ன வெங்காயம் இரண்டு கிலோ, ஒன்பதாவது தூண் ரம்ஷா வீட்டிலிருந்து ஒரு டப்பா பேரீச்சம்பழம். அப்புறம் ஐந்து குடும்பம் சேர்ந்து வாங்கின சுவர்க்கடிகாரம், ஜிகினாத் தாள் சுற்றினது. அப்பா ஒவ்வொன்றையும் இரண்டு கையால் வாங்கி வைத்தார்.

பாலை அக்காதான் அடுப்பில் வைத்தார். கிழக்குப் பக்கம் பொங்கிச்சு. பிள்ளைகள் போட்ட சத்தத்தில் அக்பர் பாய் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

முதல் சாவியை அக்கா கையில் கொடுத்தேன். அவர் அதைத் தாலிக்கயிற்றில் கோத்துக்கொண்டார். பத்து மணிக்குள் பதினொரு சாவி. சுடுதண்ணி தீர்ந்துபோய்விட்டது. தீரட்டும், தீரட்டும்!

செப்டம்பர் 18, வியாழன்

மழை. கூடம் நிரம்பி வழிகிறது. வாஷிங் மெஷின் யாருக்கு முதலில் என்று காலையிலேயே சண்டை. டோக்கன் புத்தகத்தை எடுத்தேன், "அதெல்லாம் வேண்டாங், நாங்களே பேசிக்கறோம்" என்று அக்கா வாங்கி உள்ளே வைத்துவிட்டார். பேசித்தான் கொண்டார்கள், தெருவுக்கே கேட்டது. இருபத்து நாலு சாவி போயிருக்கிறது. அக்பர் பாய் தினமும் வந்து பிள்ளைகளோடு தாயம் ஆடித் தோற்கிறார். அப்புறம் கண்ணாடியைக் காணோம் என்று ஊரையே கூட்டித் தேடவிடுகிறார்.

செப்டம்பர் 29, திங்கள்

இருபத்தொன்பது. ஒன்றே ஒன்று! பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு குடும்பம் வருவதாகச் சொல்லியிருந்தது. அது திருப்பூருக்குப் போய்விட்டது, பனியன் கம்பெனியில் வேலை கிடைத்து. சந்தோஷப்படத்தான் வேண்டும். படுகிறேன். கொஞ்சம் பல்லைக் கடித்துக்கொண்டு படுகிறேன்.

செப்டம்பர் 30, செவ்வாய்

சாயங்காலம் ஐந்து மணிக்கு அர்ஷத் வந்தார். செருப்பை வாசலில் கழற்றினார். ஆகஸ்டில் வந்தபோது கழற்றவில்லை, ஞாபகம் இருக்கிறது.

பலகையில் ஏழு சாவி. நான் எண்ணுவதற்குள் அவரே எண்ணிவிட்டார். "இருபத்தொம்பது."

"ஆமாங்க." கெஞ்சக் கூடாது என்று காலையிலிருந்து மனதுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன். அடுப்படியில் சத்தம் நின்றுவிட்டது. எல்லாருக்கும் தெரியும் இன்றைக்கு என்ன நாள் என்று. அக்கா கையில் கரண்டியோடு வந்து நின்றார்.

அர்ஷத் கூடத்தைப் பார்த்தார். மூலையில் அவர் அத்தா நான்கு பிள்ளைகளுக்கு நடுவில் முட்டி போட்டு, கோரைப்பாய்க்கு அடியில் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தார். "அத்தா, என்ன தேடுறீங்க?" "கண்ணாடிடா. இங்கதான் வெச்சேன்."

அர்ஷத் கையை நீட்டி முப்பதாம் எண் சாவியைப் பலகையிலிருந்து எடுத்தார். "எங்களையும் ஊட்டுக்கு வந்து அழைச்சீங்கல்ல? எங்க அத்தா கண்ணாடி, மாத்திரை வெக்க ஒரு எடம் வேணுமுங்க. நோட்டுல பேரு எழுதிக்கங்க. அக்பர் அலி குடும்பம்."

நான் எழுதினேன். எழுத்து கோணல்மாணலாகப் போயிற்று. அக்கா கரண்டியை மேலே தூக்கிக் கத்தினார். டைல்ஸ் கடைக்காரருக்கு அர்ஷத் வேறு இடம் போன வாரமே பார்த்துக் கொடுத்துவிட்டாராம். போன வாரமே! எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் நிம்மதியாகத் தூங்கியிருப்பேனே, மனுஷா!

அக்டோபர் 12, ஞாயிறு

கயலைப் பெண் பார்க்க வந்தார்கள், நம் கூடத்துக்கு! மாப்பிள்ளை மேட்டுப்பாளையம் காய்கறி மண்டியில் லாரிக்குக் கணக்கு எழுதுகிறவர். கிருபா புதுத் திரை தைத்துப் போட்டாள். குளியலறைப் பக்கம் யாரும் பக்கெட்டோடு நடமாடக் கூடாது என்று அக்கா உத்தரவு.

மாப்பிள்ளையின் அம்மா அண்ணாந்து பார்த்து, "ஊடு நல்லாப் பெருசா இருக்குதுங்களே" என்றார். நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா கொஞ்சமும் தயங்கவில்லை. "எங்களுக்குன்னு தனி ஊடு இல்லீங். பாலத்துக்கு அடியிலதான் இருந்தோம். இது முப்பது குடும்பத்துக்கு ஊடு. அதுல ஒண்ணு நாங்க." அந்தம்மாள் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார், பிள்ளைகளைப் பார்த்தார், கயலைப் பார்த்தார். "முப்பது குடும்பத்துப் பொண்ணுன்னா நாங்க சண்டை போட முடியாதுங்களே" என்றார். அவ்வளவுதான், எல்லாரும் சிரித்துவிட்டோம். பூ வைத்துவிட்டார்கள்.

நவம்பர் 9, ஞாயிறு

காலையில் உள்ளே அரிசி மூட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே குரல்.

"ஏனுங்க, ஊட்டுல ஆருங்க?"

சென்னியம்மாள் அக்கா குரல். தினமும் பத்து தடவை விறுவிறுவென்று உள்ளே வருகிறவர் எதற்கு வாசலில் நின்று கூப்பிடுகிறார்? போய்ப் பார்த்தால் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கிறார், பக்கத்தில் அவர் வீட்டுக்காரர், இரண்டு கையும் மாட்டின இஸ்திரிச் சட்டை. கையில் எங்கள் சமையலறைத் தட்டம். சந்தனம், குங்குமம், பத்திரிகை.

"என்னங்க்கா இது, உள்ள வாங்க."

"வாரோம் இருங்க. அழைக்க வந்திருக்கறோம்."

எனக்குக் குங்குமம் வைத்தார். நான் இரண்டு கையாலும் தட்டத்தை வாங்கினேன். மஞ்சள் தடவிய பத்திரிகை. கார்த்திகை பதினொன்று, வியாழக்கிழமை. கயல்விழியின் பெயர் பொன் எழுத்தில். கீழே, "இடம்: மணமகள் இல்லம், நம்ம கூடம், உக்கடம்." நான்கு தடவை படித்தேன். மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஐந்தாவது தடவையும்.

"உங்கப்பாகிட்டப் போன்ல சொல்லிப்போடாதீங்க அம்மணி. நாங்க நேர்ல போயித்தான் கூப்புடோணும். தொண்டாமுத்தூருக்கு எத்தனை மணிக்குங் பஸ்ஸு?"

சொல்ல வேண்டாம் என்றால் நான் சொல்லாமல் இருப்பேனா? அவர்கள் அந்தப் பக்கம் போனதும் போன் போட்டுவிட்டேன். அங்கே அப்பா அம்மாவைக் கூப்பிட்டுச் சொல்வது கேட்டது.

"பஸ்ஸுல என்னத்துக்கு வாரது? நான் ஆட்டோ வெச்சு வந்து கூட்டியாரேன்னு சொல்லு" என்றார். நான் சரி என்று சொல்வதற்குள், "வேண்டாம் வேண்டாம். அழைக்க வர்றவங்களை நாமளே போயிக் கூட்டிட்டு வந்தா மருவாதியா இருக்காது. ஊட்டுலதான் இருப்போம்னு சொல்லு."